நாற்காலியை ஏற்றிய நாள்

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். டிஸ்க் பிதுங்கி முதுகில் ஆபரேஷன் ஆனது. தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. வலி மட்டும் போவேனா என்றது. குனிந்தால் "அம்மா", நிமிர்ந்தால் "ஐயோ". "இன்னொரு தடவை அறுத்துப் பார்ப்போம், இல்லன்னா கடையை மூடிடலாம்" என்றார். அந்தக் கடைதான் அவருக்கு உயிர். அது போய் அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என் உயிர் போய்விடும்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "ஸ்கேன்ல சரிபண்ற மாதிரி எதுவும் இல்லம்மா, எதைப் போய் அறுக்கிறது?" என்றார். முதலில் நரம்பு வலிக்கு மாத்திரை, பிறகு நரம்போரம் ஊசி, கூடவே பயிற்சி. எதற்கும் மசியாவிட்டால், தண்டுவடத்துக்கு லேசாக மின்சாரம் கொடுக்கும் சின்னக் கருவி என்று வரிசையாகச் சொன்னார். மாத்திரை நன்றாகத் தூங்க வைத்தது. ஊசி கொஞ்ச நாள் தாங்கியது. குணமாகிவிட்டது என்று இவர் கடைக்கு ஓடினார். வலியும் பின்னாலேயே ஓடி வந்தது.

பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் படு கறார். "நீங்க வேலை செய்யறதை நான் பார்க்கணும்" என்று கடைக்கே வந்துவிட்டாள். நான்தான் வாடிக்கையாளராக நாற்காலியில் உட்கார்ந்தேன். காதோரம் வெட்ட வளைந்தார், பிடரிக்குக் குனிந்து ஏறக்குறைய தரைக்கே போய்விட்டார்.

"நாற்காலியை ஏத்த மாட்டீங்களா?"

"ஏத்தினா வர்றவங்களுக்குக் கால் தொங்கும், பாவம்."

"தலையைக் குனியச் சொல்லலாமே?"

"நம்மள நம்பி வந்து உட்கார்ந்தவங்களைப் போய் அதிகாரம் பண்ணுவாங்களா?"

அடப்பாவி மனுஷா! ஆபரேஷனுக்குப் பிறகும் ஊரார் தலைக்கெல்லாம் தன் முதுகையல்லவா வளைத்துக்கொண்டிருக்கிறார்! என்னை மட்டும் வீட்டில் நன்றாக அதிகாரம் பண்ணத் தெரிகிறது.

அவள் நாற்காலியின் மிதியை அழுத்தினாள். என் கால் அந்தரத்தில் தொங்கியது. இவருக்குச் சக்கரம் வைத்த முக்காலி ஒன்றைத் தள்ளினாள். "வலி அடியோட போகும்னு சொல்லல. வேலை பார்க்கிற அளவுக்குக் குறையலாம். கருவியைப் பத்தி அப்புறம் யோசிப்போம்."

இவர் கூச்சத்தோடு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம்... தலையைக் குனிங்க."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தேன். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. "அம்மா" கேட்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணாடியில் பார்த்தால் முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. உட்கார்ந்து வெட்டிப் பழக்கமில்லையாம். போகட்டும், முடிதானே, வளர்ந்துவிடும். மறுநாள் காலையில், மூடிடலாம் என்று சொன்ன கடையை அவரே போய்த் திறந்தார்.