முன்கூட்டியே குடித்த தண்ணீர்

பக்கிரிசாமியைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. பொய் சொல்லக் கொஞ்சம் கற்பனை வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். அவரிடம் இரண்டும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு நீலப் பேனாவும், காலிக் கட்டத்தைக் கண்டால் நிரப்பிவிடும் கையும்தான்.

புக்கிட் தெங்காவில் பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். கடைசிப் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசர். மணிக்கு ஒரு முறை அடுப்பின் சூட்டைப் பார்த்துத் தாளில் எழுதுவது அவர் பொறுப்பு. ஷிப்ட் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே பன்னிரண்டு மணி நேரத்துக்கும் எழுதி முடித்துவிடுவார். 182, 181, 183. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும் என்று ஒன்றிரண்டு கூட்டிக் குறைப்பார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே நுட்பமான காரியம் அது. ஒரு முறை சூடு காட்டும் கருவி பழுதாகி ஒன்பது நாள் செத்துக் கிடந்தது. அவருடைய தாளில் அடுப்பு ஒரு குறையுமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் அது பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது. அவர் அதைத் திருத்தவில்லை.

அறுபத்து மூன்றாவது வயதில் இடது புருவத்துக்கு மேல் அக்கி வந்தது. கிளினிக்குக்குப் போகச் சொன்ன மனைவி தனலெட்சுமியைக் கையசைத்து ஒதுக்கிவிட்டு, பாலிக் புலாவில் அக்கி எழுதுகிற ஒருவரிடம் போய் முகமெல்லாம் காவிக் கோடு போட்டுக்கொண்டு திரும்பினார். மூன்றாம் நாள் கொப்புளம் இமைக்கு இறங்கியது. தலைவலியில் வாந்தி எடுத்தார். அதன் பிறகுதான் மருத்துவமனை. மாத்திரை கொடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, கண்ணையும் மூளையையும் காப்பாற்ற அசைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர் காமினி.

வார்டில் நூர்ஜான் என்ற நர்ஸ் இருந்தாள். அதே அடுக்குமாடியில் இரண்டு மாடி மேலே குடியிருப்பவள். முதல் பையை மாட்டும்போதே அவள் விவரமாகச் சொன்னாள்.

"அங்கிள், இது ஒரு மணி நேரம் மெதுவா ஏறணும். டியூபுல இருக்கிற இந்த உருளையத் தொட்டுறாதீங்க. தண்ணி நல்லா குடிங்க. பத்தலேன்னா மருந்து கிட்னியில பொடிப் பொடியா உறைஞ்சிரும். குடிக்கிறது, ஒண்ணுக்குப் போறது, ரெண்டையும் அளந்து இந்தத் தாள்ல எழுதிருங்க."

"எனக்கே சார்ட்டு சொல்லித் தர்றியாம்மா? இருபத்தாறு வருசம் அதான் என் வேலை."

இரண்டாவது பையிலேயே உருளையை நகர்த்திவிட்டார். ஒரு மணி நேர மருந்து கால் மணியில் உள்ளே போனது. உற்பத்தியைக் கூட்டிவிட்ட மிதப்பில் படுத்திருந்தார். கை சிவந்து நரம்பு கயிறு மாதிரி தடித்தது. நூர்ஜான் ஊசியை எடுத்து அடுத்த கையில் குத்தி, வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஒரு பெட்டியைக் கம்பியில் மாட்டினாள். அந்தப் பெட்டியை அவர் ஒரு எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அது ஏமாறவில்லை என்பதுதான் அதன் குற்றம்.

தாள் மட்டும் அவர் கையில் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 200 மில்லி குடித்ததாக எழுதினார். வெளியேறியதையும் ஏறக்குறைய அதே அளவுக்கு எழுதினார். உண்மையில் காப்பிக்கு மேல் எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. குடித்தால் போக வேண்டும். போனால் பிளாஸ்டிக் குவளையில் பிடித்து, மேல் மாடிப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். ஒரு முன்னாள் சூப்பர்வைசரின் கௌரவம் அந்தக் குவளையளவுதான் என்று தெரிந்துவிடும். கிட்னியைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

மாலை பஸ் ஏறி ரசம் கொண்டுவந்த தனலெட்சுமி தண்ணீர் ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"காலையில நான் ரொப்பி வச்ச மாதிரியே இருக்கு. தாள்ல எழுதியிருக்கிறது யாரு குடிச்ச தண்ணி?"

"டிரிப்புல ஏறுறது என்ன சாராயமா? அதுவும் தண்ணிதான் லா."

நாற்பது வருடம் கேட்ட குரல். அவள் ரசத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் கிட்னியின் பழுதைக் காட்டும் எண் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. டாக்டர் காமினி அந்தத் தாளை நெடுநேரம் படித்தார். இவ்வளவு தண்ணீர் உள்ளே போய், இவ்வளவு வெளியேயும் வந்திருக்கிறது என்றால், குறை தண்ணீரில் இல்லை.

"உங்க உடம்புக்கு மருந்து ஒத்துக்கலன்னு நினைக்கிறேன். நாளைக்கும் ஏறினா நிறுத்தணும். நிறுத்தினா இடது கண்ணுக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் குடிக்கவில்லை டாக்டர், அவ்வளவுதான். இமை ஒட்டிப்போன கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அந்த மதியம் முழுவதும் அவர் யோசித்தார். கண் போனால் மோட்டார் சைக்கிளில் காய்கறி வாங்கப் பசாருக்குப் போக முடியாது, பேத்தியின் முகம் பாதிதான் தெரியும், எல்லாம் நினைத்துப் பார்த்தார். மனிதன் பயத்திலாவது உண்மைக்கு வருவான் என்று நம்புகிறவர்கள் பக்கிரிசாமியைச் சந்தித்ததில்லை. மறுநாள் காலை தாள் மாற்றியதும் பேனாவை எடுத்தார். எண் போதவில்லை என்பதுதான் டாக்டரின் குறை என்று அவருக்குப் பட்டிருந்தது. 200ஐ 250 ஆக்கினார். இடையில் ஒரு 240, ஒரு 260. மாலை ஆறு வரை எழுதி மடித்து வைத்தார்.

டாக்டர் வருவதற்குச் சற்று முன் நூர்ஜான் தாளை எடுத்தாள். எடுத்தவள் வார்டின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அங்கிள், மணி இன்னும் பத்தாவல. மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்க இருநூத்தம்பது மில்லி ஒண்ணுக்குப் போயிட்டதா எழுதியிருக்கு."

அவள் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

"நாலு மணிக்கும் போயிருக்கீங்க."

"அது பிளானிங்மா" என்றார் பக்கிரிசாமி.

பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பை அடக்க இருமினார். நூர்ஜான் சிரிக்கவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவித் தன் பையில் செருகிக்கொண்டு, உண்மையில் எவ்வளவு என்று கேட்டாள். அவர் மூன்று நாளுக்கும் சேர்த்துச் சொன்ன அளவில் ஒரு ஜாடிகூட நிறையாது.

டாக்டர் காமினி திட்டவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உத்தரவுகளை மாற்றினார். மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டினார். உப்பு நீர் தனியாக இறங்கியது. தினமும் இரத்தம் எடுத்தார்கள். தனலெட்சுமி கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு குவளையும் காலியாகும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிப்பதையும் போவதையும் அவளே எழுதினாள். அவர் குவளையைச் செய்தித்தாளால் மூடி நீட்டியபோது, நூர்ஜான் செய்தித்தாளை விலக்கி அளவைப் படித்துவிட்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். அவருடைய கௌரவத்தில் அவளுக்கு ஒரு அக்கறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்காகவா மூன்று நாள் கண்ணைப் பணயம் வைத்தோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றியதா என்று எனக்குத் தெரியாது.

கிட்னி எண் இறங்கியது. கண் தப்பியது, ஓரத்தில் ஒரு மங்கலோடு.

எட்டாம் நாள் பஸ் தாமதமாகித் தனலெட்சுமி இன்னும் வரவில்லை. பக்கிரிசாமி தானே ஊற்றிக் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. பக்கத்துக் கட்டில்காரரிடம் பேனா வாங்கி 200 என்று எழுதினார். ஈரச் சட்டையைப் பார்த்தார். பிறகு 200ஐ அடித்துவிட்டு 170 என்று எழுதினார்.

திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். தாளில் அடுத்த கட்டங்கள் காலியாக இருந்தன, நேரமும் இருந்தது. அவர் அவற்றைத் தொடவில்லை. அறுபத்து மூன்று வருடத்தில் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைத்தது அந்த ஓர் எண்தான்.