ஸ்பேஸ் பாருக்கு அடியில்

தேய்ந்த ரப்பரை மாற்றுவதற்காக அப்பாவின் பழைய கீபோர்டில் ஸ்பேஸ் பாரைக் கழற்றினேன். மெலிதாக ஏலக்காய் வாசனை வந்தது.

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருந்தார் அப்பா. வாயில் ஏலக்காயை மென்றபடியேதான் மனு அடிப்பார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் இதே கீபோர்டின் ஸ்பேஸ் பார் இறங்காமல் சிக்கிக்கொண்டது.

"ஏத்தா, முட்டாயத் தின்னுட்டு இங்கன கையை வச்சியா?"

நான் தொடவேயில்லை. வக்கீல் குமாஸ்தாக்கள் பார்க்க அறைந்தார். அதன்பின் அந்தக் கடைக்குள் என்னை விடவேயில்லை.

இப்போது ரப்பரை நெம்பி எடுத்தேன். அதனடியில் கறுத்து ஒட்டிக் கிடந்தவை மூன்று ஏலக்காய் விதைகள்.

பக்கத்து ஸ்டூலில் எதையோ மென்றுகொண்டிருந்த அப்பா கேட்டார்: "என்னத்தா கெடந்துச்சு?"

"ஏலக்கா விதைப்பா."

மெல்லுவது நின்றது. அவர் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.