பதினோரு முகமூடிகள்

என் மகளின் பல் மருத்துவமனைக்கு இணையத்தில் அறுபத்திரண்டு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் ஐந்து, நான்கு பேர் நான்கு. ஒரு வெள்ளிக்கிழமை புதுப் படம் ஒன்று வெளிவந்தது. அடுத்த புதன்கிழமை காலை பார்க்கிறேன், அறுபத்திரண்டு என்பது இருநூற்று எழுபத்தாறு ஆகியிருக்கிறது. கூடிய இருநூற்றுப் பதினான்கும் ஒற்றை நட்சத்திரம். நாலு புள்ளி ஒன்பது என்றிருந்த சராசரி ஒன்று புள்ளி ஒன்பதுக்கு வந்துவிட்டது. அந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவர்கூட அவளிடம் வாயைத் திறந்து காட்டியவர் இல்லை. அவர்களுக்குக் கோபம் என்மேல்.

மருத்துவமனை ஆர்.எஸ்.புரத்தில், ஒரு துணிக்கடைக்கு எதிரே, முதல் மாடியில் இருக்கிறது. பதினேழு படி. திறந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. காலை பத்து முதல் ஒரு மணி வரை முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர், வயது, ஊர் எழுதுவது என் வேலை. நாளுக்குப் பதினான்கு பேராவது வந்தால்தான் அந்த இடத்தை வைத்துக்கொள்ள முடியும் என்று மகள் சொல்லியிருந்தாள். இல்லையென்றால் பழையபடி வேறொருவர் ஆஸ்பத்திரியில் போய் நிற்கவேண்டும். அங்கே அவள் ஒன்பது வருடம் நின்றவள்.

எனக்கும் சினிமாவுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து சித்திரக்கதை படிக்கிறேன். இப்போது எழுபத்தொன்று. வீட்டில் நூற்று நாற்பத்து மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் நாற்பத்தொன்று ஒரே வீரருடையவை. வெளிநாட்டுக் கதை, தமிழில் வந்தது. நாங்கள் அவரைக் கவசக்காரர் என்போம். மார்பில் இரும்புக் கவசம், முகத்தில் சாம்பல் நிற முகமூடி, தோளில் மேலங்கி. நாற்பத்தொரு புத்தகத்திலும் ஒரு கட்டத்தில்கூட அவர் முகம் தெரியாது.

அவரைத் தமிழில் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் வாசகர் குழு கொதித்துப்போனது. குழுவில் நூற்றெண்பது பேர், எல்லோரும் கைபேசியில்தான் பேசிக்கொள்வோம். முதல் நாள் காலைக் காட்சிக்கு நான்கு பேர் போவதாக இருந்தோம். தொண்டாமுத்தூர் நண்பரின் தென்னந்தோப்பில் முந்தின நாள் யானை இறங்கிவிட்டதால் அவர் வரவில்லை. மூன்று பேர் போனோம்.

தியேட்டர் வாசலில் நடிகருக்கு நாற்பதடிக் கட்டவுட். கவசக்காரர் உடுப்பு, ஆனால் முகமூடி கையில். அதன்மேல் ஏறிப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே தேங்காய் உடைத்தார்கள், பறை அடித்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் முகமூடி இலவசமாகத் தந்தார்கள். நான் வாங்கவில்லை. உள்ளே போய்ச் சிறிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி, அதில் எத்தனை முடிச்சு, எத்தனை தடிப்பு என்று எண்ணியவன் நான். படத்தில் கதைக்கு மாறாக வருவதையெல்லாம் வரிசையாகக் குறித்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க ஐயா, பரீச்சைங்களா?"

"ஆமாங்க."

"பாஸ் பண்ணிப்போடுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று விசிலடித்தார்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் நடிகர் முகமூடியைக் கழற்றினார். தியேட்டரே எழுந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். திரைக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். என் மூக்குக் கண்ணாடியில் நான்கு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூச்சலில் எனக்கு ஏதோ ஒரு தனிப்பட்ட மனிதரின் வேட்டியை உருவிவிட்டார்கள் போல இருந்தது. நோட்டில் மூன்றாவது பிழை என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து முப்பத்தொரு பிழைகளையும் தட்டெழுதிக் குழுவில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் அறுபது பேர் கும்பிட்டார்கள். யாரோ அதை வெளியே அனுப்பினார்கள். சனிக்கிழமை மாலைக்குள் என் பட்டியல் என் பெயரோடும் எண்ணோடும் ஊரெல்லாம் சுற்றியது.

இனி நான் சொல்லப்போவது என்னுடைய தவறு. ஏழாவது பிழையாக, கவசக்காரரின் மேலங்கி பச்சை, படத்தில் சிவப்பு என்று எழுதியிருந்தேன். எங்கள் காலத்துப் புத்தகங்களின் உட்பக்கம் எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணம் அட்டையில் மட்டும்தான். அந்த அட்டையை இங்கேயே யாரோ ஓவியர் வரைந்தார். அவர் பச்சை தீட்டினார். ஐம்பத்தொன்பது வருடமாக நானும் என் வயதுக்காரர்களும் பச்சை என்றே நம்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொடியன் வெளிநாட்டு மூலப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டான். ரத்தச் சிவப்பு. "பச்சைத் தாத்தா" என்று எனக்குப் பெயர் வந்தது. ஏழாவது பிழை என்னுடையது என்று உடனே எழுதினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பிறகு தொலைபேசி. ஞாயிறும் திங்களும் சேர்த்து நூற்றுப் பதினேழு அழைப்பு. எடுத்தது ஒன்பது. அந்த ஒன்பதில் நான் மறக்காதது ஒன்று.

"ஐயா வணக்கமுங்க. சாப்பாடு ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. யாருங்க?"

"அந்தப் பட்டியல அழிச்சுப்போடுங்க ஐயா. இல்லீன்னா கைய ஒடச்சுப்போடுவமுங்க. எந்தக் கையில எழுதுனீங்க?"

"வலது கையிலங்க."

"செரிங்க. வெச்சுடட்டுங்களா?"

வைத்துவிட்டார். அந்த 'ங்க'தான் என்னை நடுங்க வைத்தது. கோபத்தில் கத்துகிறவன் அரை மணியில் ஓய்ந்துவிடுவான். இவர் வேலைக்குப் போகிறவர்போலப் பேசினார்.

மகளிடம் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "எந்தக் கைன்னு கேட்டா சொல்லுவீங்களாப்பா?"

என் கைபேசிக் கணக்கின் படத்தில் நான் தனியாக இல்லை. மருத்துவமனை திறந்த அன்று பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று எடுத்தது. மகள் பெயர், படிப்பு, தெரு, எல்லாம் துல்லியமாகத் தெரியும். பிழை எண்ணுகிறவனுக்கு இது கண்ணில் படவில்லை. புதன்கிழமை நட்சத்திரங்கள் விழுந்தது அப்படித்தான். "இங்கே போனால் பச்சைப் பல் வைப்பார்கள்" என்று ஒருவர். "டாக்டரோட அப்பனுக்குக் கண் தெரியாது, டாக்டருக்குப் பல் தெரியுமா?" என்று ஒருவர். அன்று நேரம் சொல்லியிருந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வரவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்றாள் மகள். நான்தான் வேண்டாம் என்றேன். போனால் இன்னும் எத்தனை பேர் சேருவார்களோ என்று பயம்.

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே துணிக்கடை நிழலில் முகமூடி போட்டவர்கள் நின்றிருந்தார்கள். முதலில் ஒன்பது என்று எண்ணினேன். இரண்டு பேர் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். பதினொன்று. சாம்பல் நிறப் பிளாஸ்டிக், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சிலர் தோளில் சிவப்புத் துண்டு. கோஷம் இல்லை, கல் இல்லை. மேலே பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். ஒருவன் மட்டும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். குழந்தையோடு வந்த ஒரு பெண் படியில் கால் வைத்தவள், திரும்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே மகள் ஒரு பெரியவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் இறங்கினேன். பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. கைப்பிடியைப் பிடித்து இறங்கித் தெருவைக் கடந்தேன்.

"வாங்க பச்சைத் தாத்தா," என்றது ஒரு முகமூடி.

"டேய், மருவாதியாப் பேசுடா," என்றது இன்னொன்று. அதுதான் தலைமை போலிருந்தது. "ஐயா, வெயிலுங்க. இப்படி நெழலுக்கு வாங்க."

"கண்ணு," என்றேன். "ஏழாம் நெம்பர் என்னோட தப்புத்தான். அன்னிக்கே ஒத்துக்கிட்டு எழுதிப்போட்டேன்."

"ஏழு மட்டுமுங்களா?"

நான் திரும்பி மேலே ஜன்னலைப் பார்த்தேன்.

"அண்ணன் மூஞ்சியக் காட்டுனது தப்புன்னு மூணாவதா எழுதியிருக்கீங்க. அண்ணன் மூஞ்சியப் பாக்கத்தானுங்க நாங்க போறோம். மூடிக்கிட்டே இருந்தா உள்ள யாரு இருந்தா என்னங்க?"

"அம்பத்தொம்பது வருசமா மூஞ்சி காட்டாத மனுசன் கண்ணு அவரு."

"அப்பறம் எப்படியுங்க உங்களுக்கு அவரைப் புடிச்சுது?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"முப்பத்தொண்ணும் தப்புன்னு சொல்லிப்போடுங்க ஐயா. வீடியோவுல. இதப் போட்டுக்கிட்டு." ஒரு முகமூடியை நீட்டினான். "சொன்னீங்கன்னா அக்கா பொழப்பு அக்காவுக்கு. நாங்க ஏன் வரப்போறோம்?"

முப்பது சரி என்று எனக்குத் தெரியும். புத்தகமும் பக்கமும் சொல்ல முடியும். ஆனால் மேலே ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோட்டு வந்து நின்றது. நான் முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டேன். உள்ளே புழுங்கியது. ஓட்டை வழியாக ஒரே நேரத்தில் நான்கு பேருக்குமேல் தெரியவில்லை. மீதி ஏழு பேர் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வழி இல்லை. அந்த அரை நிமிடம்போல நான் எப்போதும் பயந்ததில்லை.

"நான் எழுதுனது முப்பத்தொண்ணும் தப்புங்க. படம் நல்லா இருக்குதுங்க," என்றேன்.

அதற்குள் மகள் இறங்கி வந்துவிட்டாள். என் முகத்திலிருந்து அதைப் பிடுங்கினாள். ரப்பர் காதில் சுண்டியது.

"யாரு நீங்கெல்லாம்? மூஞ்சியக் காட்டிப் பேசுங்க."

"அக்கா, நாங்க ஒண்ணும் பண்ணலீங்க. ஐயா சொல்லிப்போட்டாருங்க. நாங்களும் வாக்குக் கொடுத்திருக்கறோம். டேய், எல்லாரும் எடுங்கடா."

வரிசையாகக் கைபேசியை எடுத்தார்கள். அங்கேயே நின்று ஒவ்வொருவரும் தங்கள் ஒற்றை நட்சத்திரத்தை அழித்து, திரையை அவளிடம் காட்டினார்கள். பதினொன்று.

"மீதி?" என்றாள் மகள்.

"மீதி நாங்க இல்லீங்கக்கா. மதுரை, நெல்லை, மலேசியாவுலிருந்தெல்லாம் போட்டிருக்காங்க. அவங்க யாருன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

வண்டியில் ஏறிப் போனார்கள். ஐந்து வண்டி. நான் உள்ளே வந்து கணக்குப் பார்த்தேன். இருநூற்று மூன்று ஒற்றை நட்சத்திரம் மீதி. சராசரி ஒன்று புள்ளி ஒன்பது. அசையவே இல்லை.

மறுநாள் வீடியோ பரவியது. இப்போது மறுபக்கத்துக்காரர்கள் வந்தார்கள். பயந்து பல்டியடித்தவன் என்று மருத்துவமனைப் பக்கத்தில் புதிதாக ஆறு ஒற்றை நட்சத்திரம். அதில் ஒன்று எங்கள் வாசகர் குழுவைச் சேர்ந்தவருடையது. என்னோடு காலைக் காட்சிக்கு வந்தவர். நான் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். மொத்தம் இருநூற்று எழுபத்தொன்று ஆயிற்று. நீக்கச் சொல்லி மகள் மூன்று முறை மனுப்போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்று முறையும் ஒரே பதில்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. நாளுக்கு ஐந்து பேர், ஆறு பேர். இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் யார் படியேறினாலும் இவனும் அன்று கீழே நின்றவனோ என்று தோன்றுகிறது. நான் முகம் பார்த்ததில்லையே. உயரத்தை, நிற்கிற விதத்தைப் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒருவன் வந்தான். இருபத்தாறு வயது. இடது கன்னம் எலுமிச்சம்பழம்போல வீங்கியிருந்தது. பெயரும் ஊரும் சொன்னான், எழுதினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள எங்கியோ பாத்திருக்கறேனுங்க."

"இருக்காதுங்க," என்றேன்.

அவனை உள்ளே அனுப்பிவிட்டு நாற்காலியை மகளின் அறைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடைவாய்ப் பல்லை எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் உள்ளே வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தான். என் மேசை முன்னால் நின்றே கைபேசியில் கட்டைவிரலால் எதையோ தட்டினான். தலையசைத்துவிட்டு இறங்கிப் போனான்.

நான் பக்கத்தைத் திறந்தேன். இருநூற்று எழுபத்திரண்டு. ஐந்து நட்சத்திரம். "வலியே தெரியல. டாக்டர் நல்லாப் பாத்தாங்க" என்று எழுதியிருந்தான். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

மூன்று மணிக்குள் அதற்குக் கீழே பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். "நீ யாரு, பச்சைத் தாத்தா ஆளா?" என்று தொடங்கியது. ஐந்தாவது ஆள் அவன் வேலை பார்க்கும் இடத்தின் பெயரைப் போட்டிருந்தான். பன்னிரண்டாவது ஆள் அவன் மனைவியின் படத்தைப் போட்டிருந்தான். மாலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது ஐந்து நட்சத்திரத்தைக் காணோம். இருநூற்று எழுபத்தொன்று.

பதிவேட்டில் அவன் எண் இருந்தது. கூப்பிட்டேன். ஏழாவது முறை மணி அடித்ததும் எடுத்தான்.

"மன்னிச்சுக்கோ கண்ணு," என்றேன்.

"அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க. ஊட்டுல பயப்படறாங்க, அதான் எடுத்துப்போட்டேன். பல்லு நல்லா இருக்குதுங்க. அக்காகிட்டச் சொல்லிப்போடுங்க." பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது. "ஆனா நான் அங்க வந்துட்டுப் போனத யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க ஐயா."

சரி கண்ணு என்றேன். பிறகு பதிவேட்டை எடுத்து, அவன் பெயரையும் ஊரையும் எண்ணையும் எழுத்துத் தெரியாதபடி பேனாவால் அடித்தேன்.