காரோட்டில் முத்தக்கா

கேரள எல்லையிலுள்ள காரோடு கிராமத்தில் எல்லாருக்கும் அவள் தெலுங்கத்தி. முத்தக்காவுக்கு அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்றிருக்கும். பத்ராசலத்துக்கு வடக்கே, கோதாவரிக் கரைக் காட்டில், கோயா என்கிற பழங்குடிச் சனத்தில் பிறந்தவள் அவள். அங்கே தெலுங்கர் என்றால் சந்தையில் புளியையும் இலுப்பைப்பூவையும் எடை குறைத்து வாங்குகிற வெளியாட்கள். அவர்களிடம் பேசுவதற்காகக் கற்றதுதான் தெலுங்கு. வீட்டில் பேசியது கோயா பாஷை.

அந்தப் பக்கம் பாலம் கட்ட வந்த கொத்தனார் சுவாமிதாஸ் அவளை விரும்பிக் கட்டி, தொண்ணூற்றிரண்டில் ஊருக்குக் கூட்டிவந்தான். சபையில் ஞானஸ்நானம் கொடுத்து ஜெயமணி என்று பெயர் வைத்தார்கள். சுவாமிதாஸ் மட்டும் முத்தக்கா என்றே கூப்பிடுவான், ஓட்டைத் தெலுங்கில் பேசிச் சிரிக்க வைப்பான். "விதைப் பண்டிகைக்கு உன் ஊருக்குப் போவோம், சத்தியமா" என்பான். முதல் வருஷம் அவள் வயிற்றில் பிள்ளை. அடுத்த வருஷம் அதியன்னூரில் ஒரு வீட்டுச் சாரத்திலிருந்து அவன் தலை அடிபட விழுந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனுக்கு வலது கையும் காலும் வழங்கவில்லை. பேச்சு மெல்ல மெல்ல வந்தது. ஆனால் தெலுங்கு வரவில்லை. அவள் தெலுங்கில் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் சின்னப்பிள்ளை போல முழித்தான். அன்றைக்கு முத்தக்கா கிணற்றடியில் உட்கார்ந்து தனக்குத்தானே கோயாவில் பேசிப் பார்த்தாள். மாமியார் ரத்னபாய் ஓடிவந்து, காய்ச்சலோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ரத்னபாய் கெட்டவள் இல்லை. நல்ல மீன்துண்டு மருமகள் தட்டில்தான் விழும். ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் குரல் உடைந்துவிடும். "நீயும் போனா எனக்க மொவன ஆரு தூக்குவா மக்கா?"

தொண்ணூற்றாறில் டெலிபோன் கேபிளுக்குக் குழி தோண்ட ஒரு கூட்டம் வந்தது. கண்ணாடிச் சில்லு தைத்த பாவாடை கட்டிய லம்பாடிப் பெண்கள். தெலுங்கு காதில் விழுந்ததும், புல்லறுக்கப் போன முத்தக்கா புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு நின்றாள்.

"எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள் தேவ்லி என்கிற பெண்.

"செர்லா பக்கம்."

"எந்த சனம்?"

"கோயா."

இந்த ஊருக்கு வந்த நாளாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. முத்தக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேவ்லிக்கும் தெலுங்கு வெளிபாஷைதான், தண்டா என்கிற அவர்கள் குடியிருப்பில் பேசுவது வேறு. ஆனாலும் பொழுது சாயும்வரை இருவரும் பேசினார்கள்.

"சனிக்கிழமை எங்க லாரி ஊருக்குத் திரும்புது. வர்றியா?"

சனிக்கிழமை காலை முத்தக்கா சுவாமிதாசைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, தலை சீவிவிட்டாள். பிறகு மகள் ஜின்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ரத்னபாய் மூச்சிரைக்க வந்தாள்.

லாரியருகே நின்ற மேஸ்திரி பிள்ளையைப் பார்த்ததும் கையை ஆட்டினான். "பிள்ளைய ஏத்த முடியாதும்மா. எங்களைப் பார்த்தாலே பிள்ளை பிடிக்கிற கூட்டம்னு சொல்றாங்க. களியக்காவிளை செக்போஸ்ட்ல உள்ள தள்ளிடுவாங்க. நீ வேணா ஏறு."

ரத்னபாய் இரண்டு கையையும் நீட்டினாள். "போணும்னா போ மக்கா. நான் தடுக்கல்ல. பிள்ளய மட்டும் தந்திட்டுப் போ."

முத்தக்கா ஒரு காலை லாரியின் படியில் வைத்தாள். ஜின்சி அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டு, "அம்மா, நம்ம வீட்டுக்குப் போவம்" என்றாள்.

முத்தக்கா காலை எடுத்தாள்.

"செர்லா சந்தையில என் அண்ணன் இருப்பான், பாயம் வீட்டு கங்கய்யா. நான் உசிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லு" என்றாள் தேவ்லியிடம்.

தேவ்லி அவள் கையைப் பிடித்தாள். "அது எங்க பக்கத்திலேர்ந்து வெகுதூரம் அக்கா. சொல்றேன்னு உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

லாரி போனது.

இரண்டு வருஷத்தில் ரத்னபாய் இறந்துபோனாள். அதன்பிறகு முத்தக்காவைப் பிடித்துவைக்க யாருமில்லை. அவள் இல்லாவிட்டால் சுவாமிதாசைத் தூக்கவும் யாருமில்லை. காலையில் மரச்சீனிக் கிழங்கு விளைக்குக் கூலிக்குப் போவாள், நடுவில் ஓடிவந்து அவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்புவாள்.

ஒருநாள் சாயங்காலம் ஜின்சி கேட்டாள். "அம்மா, உனக்க வீடு எங்க? அங்க என்னெல்லாம் உண்டு?"

முத்தக்கா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு பெரிய ஆறு..." என்று ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து சுவாமிதாஸ் கூப்பிட்டான். அவள் எழுந்து போனாள்.