இந்தப் பாவு முடிவதற்குள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது உலகம் அழியப்போகும் நாள் எனக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் அது தெரியும் என்றுதான் நம்பினேன். ஆனால் அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அந்த ஒரு நாள் லீவில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு அப்பா, மாமா, நயினார் மூவரும் பிரபஞ்சத்தைப் பிரித்துப் போடுவார்கள். மாமா என் அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படித்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து வருவார். நயினார் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. அப்பா பத்தாவதைத் தாண்டாத நெசவாளி. ஒருவரை ஒருவர் ‘விஞ்ஞானி’ என்று கேலி செய்துகொள்வார்கள். உள்ளூர மூவருக்குமே அது பிடித்திருந்தது. பொழுது சாய்ந்தால் நயினார் சாப்பிட மாட்டார் என்பதால் மாநாடு ஐந்து மணிக்கே கலைந்துவிடும்.

அப்படி ஒரு அமாவாசையில், தறியில் நீளவாக்கில் விரிந்திருந்த பாவு நூலுக்கு அடியில் படுத்து நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“வானம் விரிஞ்சிக்கினே போவுது, அத எல்லாரும் ஒத்துக்கினாங்க. எவ்ளோ வேகம்னு கேட்டாதான் ரெண்டு கணக்கு வருது. ஆதி காலத்து வெளிச்சத்த வெச்சி அளந்தா ஒண்ணு, கிட்ட இருக்கிற நட்சத்திரத்த வெச்சி அளந்தா ஒண்ணு. எது சரின்னு ஒருத்தருக்கும் தெரியல” என்றார் மாமா.

“ஒரே புடவய ரெண்டு பேரு அளந்து ரெண்டு நீளம் சொன்னா தப்பு புடவ மேல இல்லபா. அளக்கிற கோலு மேலதான்” என்றார் அப்பா.

“இல்லன்னா, இழுக்கிற சக்தி ஏதோ ஒண்ணு நாளுக்கு நாள் கூடிக்கினு இருக்குதோ என்னவோ” என்றார் மாமா.

“ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. எங்க பெரியவங்க எப்பவோ சொல்லிட்டாங்க” என்று நயினார் வழக்கம்போல வழக்கை முடித்துவைக்கப் பார்த்தார்.

மாமா விடவில்லை. “கூடிக்கினே போச்சின்னா கிழிஞ்சிடும் நயினாரே. மொதல்ல நட்சத்திரக் கூட்டமெல்லாம் தனித்தனியா போவும். அப்பறம் சூரியன வுட்டு பூமி போவும். கடேசில நம்ம கை, கால், எலும்பு எல்லாம் இழை இழையா பிரிஞ்சிடும்.”

“எப்பதான் தெரியுமாம்?” என்றார் அப்பா.

“புதுசா அளந்துக்கினு இருக்காங்க. இந்தப் பாவு முடியறதுக்குள்ள தெரிஞ்சிடும், கிழியுமா கிழியாதான்னு.”

எங்கள் வீட்டில் காலண்டர் சாமி படத்துக்காக மாட்டியது. நாள் கணக்கெல்லாம் பாவுதான். ஒரு பாவுக்கு மூன்று புடவை. நான் பிறந்தது மாம்பழக் கலர் பாவில் என்றுதான் அம்மா சொல்வாள். மாமா சொன்னதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முடிவு வந்துவிடும் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. ஆனால் என் தலைக்கு மேலே அரக்குச் சிவப்பில் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அது முடிந்தால் வானம் கிழியும் என்று எனக்குப் பட்டுவிட்டது. போதாக்குறைக்கு அப்பா, “மெதுவா பேசு, கொழந்த கீழ கீது” என்றார். அதோடு சந்தேகமே இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்கு ஓடி, நேற்றைவிடச் சூரியன் சின்னதாகிவிட்டதா என்று கட்டைவிரலை நீட்டி அளப்பேன். பிறகு கீழே வந்து, தறிக்குப் பின்னால் பாவு இன்னும் எத்தனை சுற்று மீதியிருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டாவது புடவையும் முடிந்து மூன்றாவது தொடங்கியபோது தட்டுச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அப்போது அம்மாவுக்கு வயிற்றுவலி இருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கட்டி இருக்கிறது, உடனே வந்து சேருங்கள் என்று சொல்லியிருந்தார். ஆனால் தறியில் இருந்தது முகூர்த்தப் புடவை, அதுவும் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அப்பா நடுவே நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாக் கட்டையைப் போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா. மாற்றுக்கு யாரும் கிடைக்கவில்லை. “இந்தப் பாவு முடிஞ்சிடட்டும், போலாம்” என்றாள் அம்மா. அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். இதுவும் என் காதில் விழுந்ததுதான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகமே போகப்போகிற நேரத்தில் வயிற்றுவலி என்ன பெரிய விஷயம்?

பாவு முடியக் கூடாது என்று முதலில் கரை நாடாவை அரிசி டிரம்மில் புதைத்தேன். இரண்டு நாள் தறி நின்றது. அப்பா வேறு நாடா வாங்கி வந்துவிட்டார். அடுத்து, அப்பா சாப்பிட்டுத் தூங்க, அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், பென்சில் சீவும் பிளேடால் பாவின் பின்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு அறுத்தேன். பட்டு இழைகள் சத்தமே இல்லாமல் அறுந்தன. பிளேடைப் பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன்.

“எலி!” என்று அப்பா கத்தினார். சாயங்காலமே எலிப்பொறி வந்தது. ஐந்து நாள் அம்மா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளும் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த அமாவாசை வந்தது. மாமா பேப்பர்களை மடித்துப் போட்டுவிட்டு, “இந்தப் பாவுல தெரியாதுபா. ரெண்டு கணக்கும் அப்டியேதான் கீது. இன்னும் அளக்கணுமாம்” என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. மறுநாளிலிருந்து யாரும் சொல்லாமலே ராட்டையில் உட்கார்ந்து நாடாவுக்கு நூல் சுற்றித் தந்தேன். நாலே நாளில் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தாயிற்று. அன்று மாலையே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வராந்தாவில் டாக்டரம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். “ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருப்பேன். இப்போ கர்ப்பப்பையையே எடுக்கணும்.” அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா பிழைத்துவிட்டாள், இப்போதும் நன்றாக இருக்கிறாள். எனக்குத் தம்பியோ தங்கையோ இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நான் கட்டிலில் ஏறி அம்மாவுக்கு நல்ல சேதி சொன்னேன். வானம் இப்போதைக்குக் கிழியாது என்றேன்.

“யாருடி கிழியும்னு சொன்னது?”

எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி டிரம், பிளேடு, எதையும் விடவில்லை.

“எதுக்குடி அறுத்த?”

“நீ இழை இழையா பிரிஞ்சிடக் கூடாதுன்னு.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “எலின்னே இருக்கட்டும். அப்பாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத” என்றாள். அடியிலிருந்து காப்பாற்றுகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். வலிதான் என்று நினைத்து, நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.