நான் அடித்துவிட்ட எண்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், மயிலாப்பூரில் லஸ் பக்கத்து அச்சகம் ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கல்லூரியின் தத்துவத் துறையில் தற்காலிக ஆசிரியன். வயது இருபத்தாறு. கோபத்துக்கும் கர்வத்துக்கும் குறைவே இல்லை.

வேலை செய்கிறவர்களின் மனத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்த வேண்டும் என்பதுதான் அந்நாளில் எனக்கிருந்த பைத்தியம். தத்துவத்துக்கும் தொழிற்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர்கள் சிரித்தார்கள். நானும் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் துறைத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். ஏதாவது ஒரு தொழிலிடத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதி, குழுவின் முன்னால் படிக்க வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் பாடமும் உண்டு, வேலையும் நிரந்தரம். இல்லாவிட்டால் பருவ முடிவோடு மூட்டையைக் கட்டிவிடலாம்.

அந்த அச்சகத்தின் பின்கட்டில் பதினோரு பெண்கள் தரையில் உட்கார்ந்து, அச்சான பெரிய தாள்களைப் புத்தகத்துக்காக மடிப்பார்கள். பாதிப் பேர் பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண்கள். நான் ஸ்டாப்-வாட்சும் நோட்டுமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் ஒரு தாளை மடிக்க எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறாள் என்று குறித்தேன். சாயங்காலம் மேஸ்திரி ஒவ்வொருத்தியின் கட்டுகளையும் எண்ணுவார். அதையும் குறித்தேன்.

மூன்று வாரம் ஓடியது. மேஸ்திரியின் கணக்கில் பதினோரு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவு மடித்திருந்தார்கள். என் வாட்சின் கணக்கோ வேறு கதை சொன்னது. ஒருத்தி மற்றவளைப் போல இரண்டு மடங்கு வேகம். மெத்தப் படித்த மேதாவி அல்லவா நான், என்ன செய்தேன் தெரியுமா? என் கைதான் வாட்சைச் சரியாக அழுத்தவில்லை என்று முடிவு கட்டி, விநாடிக் கணக்கு முழுவதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பழகிய கைகளுக்குள் வேகத்தில் வித்தியாசமே கிடையாது என்று கட்டுரையை ஜம்மென்று எழுதி முடித்தேன்.

குழு கூடுவதற்கு நான்கு நாள் முன்பு நல்ல மழை. வழக்கமாக மத்தியானம் மேஸ்திரியும் நானும் சாப்பிட வெளியே போய்விடுவோம். அன்று அவர் மட்டும் குடையோடு போனார். தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சோற்றுத் தூக்கைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பெண்ணும் தான் கூடுதலாக மடித்ததையெல்லாம் எடுத்து, மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கட்டோடு சேர்த்தாள். அவளுக்கு எட்டு மாதம். குனிந்து மடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வார உழைப்பு பாழ். உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். எல்லாரிலும் வேகமானவள் அசையவே இல்லை.

"இன்னா சார், மூணு வாரமா எங்க கையையே பாத்துக்கினு குந்தினு இருந்தே. இது தெரியலையா உனக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கட்டு கொறஞ்சா மேஸ்திரி இவள நின்னுக்கச் சொல்லிடுவாரு. புருஷன் கடலுக்குப் போயி திரும்பல. நீ எழுதினா இவ பொழப்பு போச்சு. அவ்ளோதான் சார், பாத்துக்க."

எழுதாவிட்டால் என் பிழைப்பு போகும். அன்று வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் அடித்துவிட்ட எண்கள்தான் உண்மையைச் சொல்லியிருந்தன. பழைய கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

குழுவின் முன்னால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் போட்ட சிவப்புக் கோடுகளையும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கைகளின் வேகம் வேறு வேறு, கட்டுகள் மட்டும் ஒரே அளவு. அப்படியானால் இங்கே வேலை செய்வது பதினோரு தனி ஆட்கள் இல்லை, ஒரே கூட்டம். நலிந்த ஒருத்தியை அந்தக் கூட்டம் தாங்குகிறது. மொத்தக் கட்டில் ஒருநாளும் ஒன்றுகூடக் குறையவில்லை, முதலாளிக்கும் நஷ்டமில்லை. தனி ஆளை மட்டும் அளக்கிறவன் பாதியைத்தான் அளக்கிறான் என்று முடித்தேன்.

குழுவில் மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த அச்சகம்? யார் அந்தப் பெண்?"

"சொல்ல மாட்டேன், சார்."

"அப்புறம் நாங்கள் எப்படி நம்புவது?"

"எண்களைப் பாருங்கள், சார். பெயர் தெரிந்தால் அவளுக்கு வேலை போய்விடும்."

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பக்கம் பக்கமாகத் தானே கூட்டிப் பார்த்தார். பிறகு துறைத் தலைவரைப் பார்த்து, "அடுத்த பருவத்திலிருந்தே பாடம் ஆரம்பிக்கட்டும். இவரே நடத்தட்டும்" என்றார். வெளியே வந்ததும், கௌரவமாவது ஒன்றாவது என்று மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

மறுநாள் அச்சகத்தில் விஷயத்தைச் சொன்னேன். "அவ பேர எழுதல இல்ல?" என்று மட்டும் கேட்டாள் அந்த வேகக்காரி. இல்லை என்றதும் பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி ஓடி வந்துவிட்டார்.

பிற்பாடு அந்தப் பாடத்துக்கே நான் பேராசிரியரானேன். எத்தனையோ முதலாளிகள் 'வேலை செய்யாதது யார், பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டார்கள். இன்றுவரை ஒரு பெயரைக்கூட நான் சொன்னதில்லை என்பதுதான் என் படிப்பில் நான் உண்மையாகத் தேறியதற்கு எனக்கிருக்கும் ஒரே சான்று.