நஹீ என்று ஒரே ஒரு பட்டன்

என் மகளுக்குப் பேச்சு வராது. கையும் கழுத்தும் அவள் சொன்னபடி கேட்காது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் யார் பொய் சொன்னாலும் முதலில் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். செம்பூரில் அவள் படித்த சிறப்புப் பள்ளியில், பெரியவளாக வாழப் பழக வேண்டும் என்று கடைசி வருஷம் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். படத்தை விரல் முட்டியால் அழுத்தினால் அது பேசும். ஹிந்தியில் பேசும்.

என்னென்ன பேசும் என்று பார்த்தேன். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும். பதினெட்டு வயது ஆகப்போகிற பெண்ணுக்கு இவ்வளவுதான் வாழ்க்கையாம். நன்றி பட்டன் மட்டும் பூசணிக்காய் அளவுக்குப் பெரிசு. மறுப்பதற்கு மூலையில் ஒரே ஒரு பட்டன்: நஹீ.

தாராவியில் எங்கள் வீட்டில் அந்த நஹீயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள், "ஏட்டி, சாப்ட்டியா?" என்று கேட்டேன். நஹீ என்றது டேப்லெட். இன்னும் சாப்பிடவில்லை என்று நினைத்துச் சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "பொறவு எதுக்குட்டி நஹீன்ன?" என்று கத்தினேன். அவள் சொன்னது, வேண்டாம். நமக்கு இல்லை வேறு, வேண்டாம் வேறு, மாட்டேன் வேறு. அந்த டேப்லெட்டுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். வீட்டிலும் ஹிந்தியே பேசுங்களேன், அவளுக்குச் சுலபமாக இருக்கும் என்றார் டீச்சர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் மொழியை மாற்ற வேண்டுமாம், மெஷினை மாற்றக் கூடாதாம்! நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாமே பேசிப் பதிவு செய்துகொள்ளவும் அதில் வழி உண்டு என்று அப்புறம்தான் வாயைத் திறந்தார். ஆறு மாதமாக ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்கே பதிந்தேன். இல்லை, வேண்டாம் இரண்டும் ஒரே தடவையில் வந்தன. மாட்டேன் வரவில்லை. கெஞ்சுகிற மாதிரி வந்தது. இன்னொரு தடவை சொன்னால் கேள்வி மாதிரி வந்தது. அப்பாவிடமோ மாமியாரிடமோ நான் சொல்லிப் பழகாத சொல். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏழாவது தடவை கோபத்தில் சொன்னேன், சரியாக விழுந்தது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தமும் கூடவே விழுந்துவிட்டது.

பள்ளி முடிகிற மாதம், அடுத்து எங்கே என்று முடிவுசெய்யக் கூப்பிட்டார்கள். தேவ்நாரில் ஒரு மையம். நாள் முழுக்கக் காகிதப் பூ ஒட்டலாம், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். மாட்டுங்காவில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. முடித்தால் வேலை கிடைக்கலாம், ஆனால் தினமும் நான்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மகள் ஒரு வாரமாக, டேப்லெட்டில் நான் புதிதாகச் சேர்த்திருந்த கம்ப்யூட்டர் படத்தையே அழுத்திக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும்.

ஃபாரம் நிரப்பிய அதிகாரி என்னிடம் கேட்டார்: "பச்சி கோ க்யா பசந்த் ஹை?" குழந்தைக்கு என்ன பிடிக்குமாம். குழந்தை! எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்டால் இவர் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? உள்ளுக்குள் இப்படிக் கொதித்த நான் வெளியே சொன்னது வேறு. "தேவ்நார் லிக்கோ, சார்." தேவ்நாரே எழுதுங்கள் என்றேன். வேன் வருகிறதே என்ற நினைப்பு. அவர் எழுதினார்.

"மாட்டேன்."

என் குரல், தையல் மெஷின் சத்தத்தோடு. மகள் மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. "க்யா போலி?" என்று என்னைக் கேட்டார். என்ன சொன்னாளாம். சரி என்கிறாள் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியவா போகிறது? சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நஹீ ஜாவூங்கி, போல் ரஹீ ஹை" என்றேன். போக மாட்டேன் என்கிறாள். "உஸீ ஸே பூச்சோ, சார்." அவளையே கேளுங்கள்.

அவர் எழுதியதை அடித்துவிட்டு, முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார்.